அடுப்புக் கரி வேறு, செயலூட்டிய கரி வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், ‘அடுப்புக் கரியைத் துணியில் முடிந்து குடத்தில் போட்டால் ஈயம், குரோமியம் எல்லாம் நீங்கிவிடும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தோரு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் நான். அன்று காலைக் காப்பி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

கரி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு லாரி லாரியாக அனுப்புகிற சீமை இது. அந்தக் கரியையே மாணவர்களோடு, குரோமியம் கலந்த மஞ்சள் நீரான குரோமேட் கரைசலில் போட்டு ஓர் இரவு வைத்துப் பார்த்திருக்கிறேன். விடிந்தும் மஞ்சள் நிறம் போகவில்லை. அதே விறகுத் தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து, காற்றுப் படாமல் 500 டிகிரியில் சுட்டு, கழுவி, கரைசலின் பி.எச். அளவை (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 2-க்கு இறக்கிப் போட்டபோதுதான் நிறம் வெளுத்தது. இப்படிப் பக்குவப்படுத்தியதுதான் செயலூட்டிய கரி. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம்; ஒரு கிராமின் உட்பரப்பே 500 சதுர மீட்டரைத் தாண்டும். ஈயத்துக்கோ அவ்வளவு புளிப்பு ஆகாது, பி.எச். 5 வேண்டும். ஒரே முடிச்சில் இரண்டும் எப்படி ஐயா நீங்கும்? குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அதற்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை. உங்கள் வரியை நம்பிய தாய் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் எழுதினேன். ஒரு முலாம் பட்டறையின் கழிவு எங்கள் ஊருணி வரத்துக்காலில் கலந்ததைச் சொல்லியிருந்தேன். தங்கள் இதழைப் பாராட்டிய முதல் வரி மட்டும் அச்சில் வந்தது. பிறகு அந்தப் பட்டறையில் கரித் தொட்டி வைத்தார்கள்; கழிவின் உலோகத்தைப் பிடித்துச் சக்தி தீர்ந்த கரியை ஊருணிக் கரையிலேயே கொட்டினார்கள். உலோகம் கரியில் ஒட்டிக்கொள்ளுமே தவிர அழிந்துபோகாது. அடுத்த மழையில் அது எங்கே போயிருக்கும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செட்டிநாட்டைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஆத்தங்குடிக் கல்லும் கந்தரப்பமும்தான் தங்கள் பக்கங்களில் வருகின்றன. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அங்கே ஒருவரிடம் கேட்டிருந்தால் அந்த வரி அச்சேறியிருக்காது. அதுதான் மனதை அறுக்கிறது.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், அடுப்புக் கரி உலோக நஞ்சை நீக்காது என்று மூன்று வரி திருத்தம் வெளியிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்,
தேவகோட்டை.