கண்ணாம்பா மாதிரி இல்லை என்று எழுதிய நடுவர்களுக்கு

நாடகப் போட்டிக் குழுவினருக்கும் மதிப்பிற்குரிய நடுவர்களுக்கும்,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் சாயங்கால வேளைகளில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுப்பவன் நான். போன மாதம் உங்கள் மேடையில் 'மனோகரா' போட்டது எங்கள் குழுதான். முடிவு உங்களுக்கே தெரியும். பரிசு கிடைக்கவில்லை என்று புலம்ப இதை எழுதவில்லை. மதிப்பெண் தாளில் இருந்த இரண்டு வரிகள்தான் தூங்கவிடவில்லை.

'பத்மாவதி, கண்ணாம்பா மாதிரி இல்லை' என்பது ஒன்று. பத்மாவதி என்பது மனோகரனின் அம்மா, ராணி. சினிமாவில் அந்த வேடத்தில் நடித்தவர் கண்ணாம்பா. 'பொறுத்தது போதும், பொங்கி எழு வசனத்தை விட்டுவிட்டார்கள்' என்பது இன்னொன்று. இதற்கு ஐந்து மதிப்பெண் கழித்திருக்கிறீர்கள்.

ஐயா, இருந்தால்தானே விடுவதற்கு? நாங்கள் போட்டது பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். விண்ணப்பத்திலேயே அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். நீங்கள் தேடிய வசனம் 1954இல் வந்த படத்துக்காகக் கலைஞர் எழுதியது. எனக்கும் அது மனப்பாடம், இப்போது கேட்டாலும் புல்லரிக்கும். ஆனால் அது படத்தின் பத்மாவதி பேசுவது. 1891இல் பம்மல் தொடங்கிய சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவில் பெண் வேடத்தையும் ஆண்கள்தான் கட்டினார்கள். மீசையை மழித்துவிட்டு வந்து நின்ற அந்தப் பத்மாவதிக்கு எத்தனை போட்டிருப்பீர்கள்?

கண்ணாம்பாவின் முகம் திரை முழுக்க வரும். கண் லேசாகக் கலங்கினாலே போதும், கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கும் தெரிந்துவிடும். எங்கள் பத்மாவதிக்குப் பதினாலு வயது. அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். உங்கள் அரங்கில் ஒரே மைக், தலைக்கு மேலே லொடலொட என்று ஃபேன். அவள் கண்ணீரை யார் பார்ப்பது? அதனால் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். மகனிடம் எந்தக் கையால் வாக்கு வாங்கினாளோ, அந்த வலது கையை அதற்கப்புறம் அவன்மேல் வைக்கவே இல்லை. முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். கடைசிக் காட்சியில்தான் அந்தக் கை வெளியே வந்து அவன் தலையைத் தொட்டது. சத்தியமாக நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

மனோகரன் அறுத்தெறியும் சங்கிலியும் அப்படித்தான். படகுக்காரர் ஒருவர் தந்த நிஜ இரும்புச் சங்கிலி அது. ஒரு கண்ணியை அரத்தால் அறுத்து, கறுப்பு நூலால் கட்டிவைத்தோம். படத்தில் சிவாஜிக்குச் சங்கிலி அறுபடாவிட்டால் இன்னொரு டேக். எங்கள் பையனுக்கு ஒரே தடவைதான், அதுவும் இருநூறு பேர் எதிரில்.

வசந்தனாக வந்த பொடியனுக்கு மட்டும் 'காகா ராதாகிருஷ்ணன் பாணி, நன்று' என்று பத்துக்கு எட்டு போட்டிருக்கிறீர்கள். படத்தில் வசந்தனாக வந்தவர் காகா ராதாகிருஷ்ணன். எங்கள் பொடியன் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. பாதி வசனத்தை மறந்துவிட்டுத் திருதிருவென முழித்தான், அவ்வளவுதான்.

சரி, சிரித்துவிட்டுப் போகலாம் என்றால் முடியவில்லை. மதிப்பெண் தாளைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "யாருண்ணா கண்ணாம்பா?" என்று கேட்டாள். அன்று ராத்திரி அம்மாவின் போனில் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். அடுத்த ஒத்திகைக்குத் தொண்டை கட்டிப்போய் வந்தாள். வந்த வேகத்தில் இரண்டு கையையும் உயர்த்திக் கத்தினாள். முந்தானைக்குள் இருந்த அந்தக் கையைக் காணோம். "இப்ப சரியாண்ணா?" என்றாள். என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். நாடகத்துக்கு மதிப்பெண் போடும்போது நாடகத்தைப் பாருங்கள், படத்தைப் பார்க்காதீர்கள். 'ரத்தக்கண்ணீர்' படத்தில் எம்.ஆர். ராதா பேசியது அப்படியே நின்றுவிட்டது. அதே கதையை மேடையில் நாடகமாகப் போட்டபோது அவர் அன்றன்றைய செய்தியை இழுத்துப்போட்டு வசனத்தை மாற்றிக்கொண்டே இருந்தவர். உங்கள் போட்டிக்கு அவரே வந்திருந்தாலும் 'ராதா மாதிரி இல்லை' என்று ஐந்து கழித்திருப்பீர்கள் போல. இதுதான் வேண்டுமென்றால் அடுத்த வருஷம் டப்ஸ்மாஷ் போட்டி என்றே நோட்டீஸ் அடித்துவிடுங்கள். பிள்ளைகள் வாயை மட்டும் அசைத்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாடகம் முடிந்ததும் உங்களில் ஒருவர், "நார்த் மெட்ராஸ் பசங்க, பரவாயில்லையே, சுத்தத் தமிழ் பேசறாங்களே" என்று பாராட்டினார். வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடைக் கொட்டகையில் விடிய விடிய நாடகம் பார்த்த தாத்தாக்கள் இருந்த தெரு எங்களுடையது. எங்களையும் ஏதோ ஒரு படத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள். அதில் கையில் கத்தி வைத்திருந்திருப்போம்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். பரிசை மாற்றச் சொல்லவில்லை. அந்த இரண்டு வரிகளை மட்டும் அடித்துவிட்டு, அவள் செய்ததைப் பற்றி ஒரு வரி எழுதித் தாருங்கள். நல்லது கெட்டது எதுவானாலும் சரி, அவள் செய்ததைப் பற்றியதாக இருக்கட்டும். அடுத்த முறை நடுவர்கள் பிரதியைப் படித்துவிட்டு வர வேண்டும் என்று தயவுசெய்து விதியில் சேருங்கள். பம்மலின் பிரதி கிடைக்கவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், நான் கொண்டுவந்து தருகிறேன். ஜெராக்ஸ் காசுகூட வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு நாடகக்காரன்