எல்லை தாண்டும் சீட்டில் மூச்சுக் கணக்கும் இருக்கட்டும்

தேனி, இடுக்கி மாவட்ட சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

கொரோனா நோயாளியை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும்போது கூடவே போகும் ரெஃபரல் சீட்டைப் பற்றித்தான் இந்த மடல். பெயர், ‘கோவிட் பாசிட்டிவ்’, ‘மேல்சிகிச்சைக்கு’ என்ற மூன்றோடு அந்தச் சீட்டு முடிந்துவிடக் கூடாது. அட்மிஷன் ஆனவர்களில் யாருக்கு ஐ.சி.யூ. தேவைப்படும் என்பதை முதல் ஒரு மணி நேரத்திலேயே ஓரளவு கணித்துவிடலாம். நொடி முள் உள்ள கடிகாரம், பல்ஸ் ஆக்சிமீட்டர், குளுக்கோமீட்டர், அளவு நாடா, நாலைந்து கேள்விகள் போதும். இவற்றில் கிடைக்கும் விவரங்களைக் கொண்ட ஒரே சீட்டை இரு மாவட்டங்களும் ஏற்க வேண்டும்.

இப்போது எதற்கு இது என்று நினைக்க வேண்டாம். 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை விலக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் கொரோனாவின் ஜே.என்.1 வகை இந்தியாவில் முதலில் கேரளத்தில்தான் கண்டறியப்பட்டது. 2025 மே, ஜூனில் அங்கே மறுபடியும் எண்ணிக்கை ஏறியது. பெரும்பாலோருக்கு இன்று இது சளிக்காய்ச்சலோடு போய்விடுகிறது. முதியவர்களுக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கும் அப்படிப் போவதில்லை.

யாருக்கு ஆபத்து அதிகம் என்பதில் பெரிய குழப்பம் கிடையாது. வயதுதான் முதலில் வரும். அடுத்து சுகர், உடல் பருமன், நாள்பட்ட சிறுநீரக நோய், இதய நோய், நுரையீரல் நோய். ஆண்களுக்குக் கொஞ்சம் கூடுதல். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருக்கும் பெண்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். எடை பார்க்க முடியாத நிலையில் படுத்திருப்பவருக்கு நாடாவால் இடுப்பை அளந்தால் போதும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் எழுதிக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஐ.சி.யூ.வில் சேர்ந்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் பல இடங்களில் 80 வயதைத் தாண்டியவர்கள் குறைவாகத் தெரிவார்கள். அவர்களுக்கு ஆபத்து குறைவு என்று அதற்கு அர்த்தமில்லை. அவர்களில் பலரை ஐ.சி.யூ.வுக்கு எடுக்கவே இல்லை. படுக்கை கிடைத்ததா, வண்டி போய்ச் சேர்ந்ததா என்பதும் அந்த எண்ணிக்கைக்குள் ஒளிந்திருக்கிறது. ஆகவே பழைய ஐ.சி.யூ. பதிவேட்டை மட்டும் வைத்துப் படுக்கைகளைப் பிரிக்காதீர்கள். லயன் வீட்டிலேயே இறந்துபோன தோட்டத் தொழிலாளியின் பெயர் அதில் இருக்காது.

இனி மூச்சு. கேஸ் ஷீட்டில் எல்லோருக்கும் 18 அல்லது 20 என்று எழுதிவிடும் பழக்கம் எங்கும் உண்டு. எண்ணாமல் எழுதும் எண் அது. நோயாளியை ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு ஏறி இறங்குவதை முழு 60 நொடி எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று சொன்னால் மூச்சின் வேகம் மாறிவிடும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தப்பினாலும் கணக்கில் நான்கு தப்பும். மத்திய அரசின் வழிகாட்டுதலில் மூச்சு நிமிடத்துக்கு 24 அல்லது அதற்கு மேல், அல்லது ரத்த ஆக்சிஜன் அளவு 90 முதல் 93 சதவீதம் வரை என்றால் மிதமான நோய். மூச்சு 30-க்கு மேல், அல்லது ஆக்சிஜன் 90-க்குக் கீழ் என்றால் தீவிரம். நோயாளி சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே 88 காட்டுவதுண்டு. ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்ற பேச்சை நம்பி எண்ணாமல் விடக்கூடாது.

ஆக்சிமீட்டரும் ஏமாற்றும். மலைக்குளிரில் விறைத்த விரல், மருதாணி, நகப்பூச்சு, காய்த்துப்போன தோல் எல்லாம் கணக்கைக் கெடுக்கும். கறுத்த தோலில் உண்மையை விடக் கூடுதலாகக் காட்டுகிறது என்று 2020 இறுதியிலேயே ஆய்வு வெளிவந்தது. விரலைத் துடைத்து, தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைக்கும் வரை பொறுத்துப் பாருங்கள். ஆக்சிஜன் இல்லாமல் எவ்வளவு, வைத்த பிறகு எத்தனை லிட்டரில் எவ்வளவு என்று இரண்டையும் எழுத வேண்டும். ‘96’ என்று மட்டும் எழுதி, 10 லிட்டரில் எடுத்தது என்பதை விட்டுவிட்டால் கீழே நோயாளியை வாங்கும் டாக்டருக்கு அது நல்ல செய்தியாகத் தெரியும். உயரத்தில் ஓரிரு புள்ளி குறையலாம் என்பது உண்மைதான். 91-ஐ மலையின் தலையில் கட்டாதீர்கள்.

இந்த எண்களை வைத்து என்ன செய்யலாம்? பிரிட்டன் ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட, ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளியின் இறப்பு ஆபத்தைக் கணிக்கும் 4சி மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வோம். 62 வயது ஆண், சுகரும் சிறுநீரகக் கோளாறும் உண்டு, மூச்சு 26, ஆக்சிஜன் இல்லாமல் 91, நினைவு தெளிவு. வயதுக்கு 4, ஆணுக்கு 1, இரண்டு இணைநோய்க்கு 2, மூச்சுக்கு 1, ஆக்சிஜனுக்கு 2. ரத்தப் பரிசோதனைக்கு முன்பே 10 ஆகிவிட்டது. 9 முதல் 14 வரை பெற்றவர்களில் அந்த ஆய்வில் ஏறக்குறைய 31 சதவீதம் பேர் இறந்தார்கள். அது தடுப்பூசிக்கு முந்தைய காலம், இன்று சதவீதம் குறையும். ஆனாலும் யாரை முதலில் கவனிக்க வேண்டும் என்ற வரிசைக்கு அது உதவும். மிச்ச மதிப்பெண் ரத்தத்தில் பார்க்கும் யூரியா, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இரண்டிலும் இருக்கிறது. அதில் யூரியா எல்லைகள் லிட்டருக்கு 7, 14 மில்லிமோல். நம் லேப் டெசிலிட்டருக்குத் தரும் மில்லிகிராமில் அவை 42, 84. சி.ஆர்.பி.யைச் சில லேப்கள் லிட்டருக்கும் சில டெசிலிட்டருக்கும் தருகின்றன. அலகு எழுதாவிட்டால் பத்து மடங்கு தவறு நேரும்.

அறிகுறி தொடங்கிய தேதி கட்டாயம் வேண்டும். மூச்சுத்திணறல் பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் வருகிறது. நுரையீரல் மோசமாவது எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள். மூன்றாம் நாளில் 94 காட்டும் சுகர் நோயாளியைச் சமவெளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்ற முடிவு இந்தத் தேதியில் நிற்கிறது. ஸ்டீராய்டு ஏற்கெனவே போட்டார்களா என்பதும் எழுதப்பட வேண்டும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தினம் 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள், ஆக்சிஜன் தேவைப்படுபவருக்கு மட்டும் என்பதே 2020 ஜூன் முதல் தெரிந்த பாடம். காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே ஊசி போட்டு அனுப்பினால் பலன் இல்லை, சுகர் எகிறும். 2021-ல் கறுப்புப் பூஞ்சை அப்படித்தான் பலர் கண்ணைப் பறித்தது.

மருந்துப் பட்டியல் தனிச் சிக்கல். கம்பம், போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறுபவர்களில் பலர் மாத்திரையைப் பெயரில்லாத காகிதக் கவரில் கொண்டுபோகிறார்கள். வீடு தேடி மருந்து தரும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்கள் கவரின்மேல் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிக் கொடுத்தால் மேலே இருக்கும் டாக்டருக்குப் பெரிய உதவி.

கடைசியாக வண்டி. குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கி, கம்பம், சின்னமனூர், தேனி தாண்டி க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கோட்டயத்துக்கு அதைவிடக் கூடும். பி வகை ஆக்சிஜன் சிலிண்டர் நிரம்பியிருந்தால் 1,500 லிட்டர். பை வைத்த முகக்கவசத்துக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் 100 நிமிடத்தில் காலி. மீட்டர் முள் பாதியில் நின்றால் 50 நிமிடம்தான். ஆகவே புறப்படும் முன் முள் எங்கே நிற்கிறது என்பதும், எதிர்முனையில் படுக்கையை உறுதிசெய்தவர் பெயரும் சீட்டில் வரவேண்டும். இரண்டாவது சிலிண்டர் இல்லாத வண்டி மலை இறங்கக் கூடாது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்று செக்போஸ்ட்டிலும் இந்தச் சீட்டைக் கண்டவுடன் வண்டியை விட வேண்டும் என்று இரு ஆட்சியர்களிடமும் எழுத்தில் உத்தரவு வாங்கித் தாருங்கள்.

சீட்டு ஒரே பக்கம், தமிழும் மலையாளமும் பக்கம் பக்கமாக, எண்களுக்குக் கட்டம் போட்டு இருக்கட்டும். ஏலக்காய் எடுப்பு மும்முரமாகும் ஆகஸ்டுக்கு முன் துணை சுகாதார நிலையம் வரை அது போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
எல்லையின் இரு பக்கமும் கொரோனா வார்டுகளில் பணிபுரியும் செவிலியர்களும் மருத்துவர்களும்