சான்றிதழில் ஒரு பொன்முத்திரை

சான் ஹோசே
ஜூன் 9

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. போன வாரம் கயல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். சான்றிதழைக் கையில் வாங்கியதும் அதில் ஒட்டியிருந்த பொன்னிற முத்திரையைத்தான் முதலில் பார்த்தேன். ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளுக்கு மாநில அரசு தருகிற ‘சீல் ஆஃப் பைலிட்டரசி’ அது. அமெரிக்காவிலேயே முதலில் கொண்டுவந்தது கலிபோர்னியாதான். 2012 முதல் நடப்பில் இருக்கிறது.

ஸ்பானிஷ், சீனம் என்றால் ஏ.பி. என்று பள்ளியிலேயே எழுதுகிற கல்லூரித் தரத் தேர்வில் ஐந்துக்கு 3 வாங்கினால் போதும். தமிழுக்கு ஏ.பி. கிடையாது. அதனால் கயல் தனியாக ஒரு தேர்வு எழுதினாள். பேச்சில் பயமே இல்லை, ஞாயிறுதோறும் ஆச்சியோடு போனில் மணிக்கணக்காகப் பேசுகிறவள். எழுத்துதான் திணறடித்தது. ஒரு வாரம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பழம், பள்ளம், பலம் என்று எழுதி எழுதிப் பார்த்தாள். தமிழம்மா நம்மை இம்போசிஷன் எழுத வைத்தது ஞாபகம் வந்தது.

பக்கத்து வீட்டு மெக்சிகோக்காரப் பையனுக்கும் ஸ்பானிஷில் முத்திரை கிடைத்தது. அவன் அம்மா சான்றிதழை எங்கள் வீட்டுக்கே எடுத்து வந்து, கட்டைவிரலால் முத்திரையைத் தடவிக்கொண்டே நின்றார். அவர் இங்கே கலிபோர்னியாவில் பள்ளியில் படித்தபோதுதான், 1998-ல், மக்கள் வாக்கெடுப்பில் 227 என்ற சட்டம் வந்து இருமொழி வகுப்புகளை ஏறக்குறைய ஒழித்தது. வகுப்பில் ஸ்பானிஷ் வாயில் வந்தால் டீச்சர் முறைப்பாராம். 2016-ல் மறுபடி வாக்களித்துத்தான் அதை மாற்றினார்கள். அவர் மகனும் எட்டாம் வகுப்பு வரை, ஆங்கிலம் இன்னும் போதாது என்று பள்ளி ஒதுக்குகிற ‘ஆங்கிலம் கற்பவர்’ பட்டியலில் இருந்தவன். கயல் தமிழ் பேசினால் எல்லோரும் மெச்சினார்கள். அவன் ஸ்பானிஷ் பேசினால் அது குறையாகத் தெரிந்தது. அதே ஸ்பானிஷுக்கு இன்று அரசு முத்திரை! என் மகளுடையதைவிட அவனுடையதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது, செல்வி. தேர்வுக் கட்டணத்தை மட்டும் பள்ளியே கட்டினால் நன்றாக இருக்கும். எங்களால் முடிந்தது, எல்லா வீட்டிலும் முடியாது.

உனக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? கயல் தன் கையாலேயே ஆச்சிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள், இத்தோடு வைத்திருக்கிறேன். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, நீயே போய் வாசித்துக் காட்டு. நீ டீச்சர், கை துறுதுறுக்கும். ல, ள பிழை இருந்தாலும் திருத்தாமல் அப்படியே கொடுத்துவிடு.

அன்புடன்,
வள்ளி