நீத்துப்பெட்டி எங்கே வாங்கலாம்?

ஆசிரியருக்கு,

போன மாதம் ஒரு பனையோலைக் கைப்பணிக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். சுவரில் மாட்டும் விசிறி, பூச்சாடி, பேனைக் கூடு என்று வர்ணம் வர்ணமாக அடுக்கியிருந்தார்கள். எனக்கு வேண்டியது பிட்டு அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டி ஒன்றும் பத்து இடியப்பத் தட்டும். இரண்டும் இல்லை. வெறுங்கையோடு வர மனமில்லாமல் சின்னப் பெட்டி ஒன்று வாங்கினேன். அதைப் பொலித்தீன் பையில் போட்டுத் தந்தார்கள்!

2023 ஒக்டோபரில் அரசாங்கம் தடை செய்த பிளாஸ்டிக் சாமான்களில் உறிஞ்சுகுழல், கரண்டி, மாலைகளோடு இடியப்பத் தட்டும் இருந்தது. அந்தப் பட்டியலை வாசித்தபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஈர்க்கில் தட்டுப் பின்னிய கை எங்களுடையது.

என் அம்மா ஒருநாளும் அலங்காரத்துக்குப் பெட்டி இழைத்ததில்லை. பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி, அரிசி புடைக்கச் சுளகு, எரு சுமக்கக் கடகம். கடகத்துக்கு விளிம்பு பொத்துவது மட்டும் அப்பாவின் வேலை, நார் இழுக்கக் கைப்பலம் வேண்டுமாம். ஒடியல் கூழ் காய்ச்சினால், அடுப்பில் இருந்து இறக்குவதற்குள் அம்மா குடிக்க ஆளுக்கொரு பிளா கோலி வைத்துவிடுவார். ஓர் ஓலையை மடித்துக் கட்டினால் சரி, கழுவுகிற வேலையும் இல்லை. குடித்துவிட்டு எறிந்ததை மாடு தின்னும். இற்றுப்போன கடகம் தோட்டத்து மண்ணுக்குள் பசளையாகும். சூழல் பாதுகாப்பு என்ற சொல்லை அம்மா கேள்விப்பட்டதே இல்லை.

எங்கள் ஒழுங்கையில் இன்னும் ஒருவர் இழைக்கிறார். அறுபது வயது தாண்டிவிட்டது, ஆனாலும் சத்தகக் கத்தி பிடித்தால் ஓலை நூலாக வாரும். ஏன் இப்போது குறைத்துவிட்டீர்கள் என்று கேட்டேன். "இழைக்க ஆளிருக்கு ரீச்சர், சார்வு வெட்டித்தரத்தான் ஆளில்லை" என்றார். சார்வு, அதாவது இழைக்கிற பனையோலை, வெட்ட மரமேற வேண்டும். பனையேறிகளின் பிள்ளைகள் ஏற விரும்பவில்லை. விழுந்தால் யார் பார்ப்பது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வடலிகளையோ, இளம் பனைகளை, வீடு கட்டவும் மதில் எழுப்பவும் தறிக்கிறோம். பனை அபிவிருத்திச் சபை 1978 இலிருந்து இருக்கிறது, பின்னல் பயிற்சிகளும் நடக்கின்றன. அந்தப் பயிற்சியோடு ஓலை வெட்டுகிறவருக்கு ஏணியும் காப்புறுதியும் சேர்த்துக் கொடுக்கலாமே.

இன்னொன்று, கேட்கிற ஆள் இருந்தால்தான் இழைக்கிறவருக்கும் உற்சாகம் வரும். கோயில் அன்னதானத்துக்கும் கலியாண வீட்டுக்கும் இரண்டு மாதம் முந்தியே சொல்லிவைத்தால் பெட்டியும் தட்டும் செய்து தருவார்கள். கடைசி நாளில் ஓடிப்போனால் கடையில் கிடைப்பது பிளாஸ்டிக்தான்.

எங்கள் ஊர்க் கோயில் பரிபாலன சபையிடம் இதைச் சொல்லிவிட்டேன். "பார்ப்பம்" என்றார்கள். அந்தப் "பார்ப்பம்" எப்படிப்பட்டது என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வடமராட்சி.