டார்ட்மூரிலிருந்து வந்த கடிதங்கள்

அன்புள்ள முருகேசா,

நலம், நலமறிய ஆவல். வலது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. படிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே கோனன் டாயிலின் 'பாஸ்கர்வில் வேட்டை நாய்' நாவலை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். காரணம் நீதான். துப்பறிவாளர் ஹோம்ஸ் இல்லாத நடுப்பகுதி இழுவை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

1893-இல் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கதையை முடித்தவர், 1901 ஆகஸ்டில் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் இந்தத் தொடரைத் தொடங்குகிறார். எட்டு ஆண்டுகள் ஏங்கிக் கிடந்த வாசகர்களிடம் ஹோம்ஸைக் காட்டிவிட்டு, ஆறாவது அத்தியாயத்தில் அவருடைய நண்பர் வாட்சனை மட்டும், பாஸ்கர்வில் வாரிசு ஹென்றிக்குக் காவலாக, டார்ட்மூருக்கு ரயிலேற்றி அனுப்புகிறார். எவ்வளவு துணிச்சல் பார்! ஹோம்ஸ் பக்கத்தில் இருந்தால் நமக்குப் பயம் வராது. டார்ட்மூர் என்ற அந்தப் பொட்டல்வெளியின் பாறையும் மூடுபனியும் சேறும் வாட்சனைத் தனியாகப் பிடித்துக்கொண்டால்தான் நமக்கும் குளிரும். கிரிம்பன் சதுப்பில் குதிரைக்குட்டி கழுத்தை நீட்டி அலறியபடி அமிழ்கிற இடத்தில் இந்த முறையும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இன்னொன்றையும் கவனித்தாயா? எட்டாவது, ஒன்பதாவது அத்தியாயங்கள் வாட்சன் ஹோம்ஸுக்கு எழுதிய கடிதங்கள். பத்தாவது, அவருடைய நாட்குறிப்பு. எல்லாம் முடிந்தபின் நினைவிலிருந்து சொல்பவருக்கு முடிவு தெரியும். அக்டோபர் 13-ஆம் தேதி கடிதம் எழுதுகிறவருக்கு 14-ஆம் தேதி என்ன நடக்கும் என்று தெரியாது. நடு இரவில் மாளிகை வேலைக்காரன் பாரிமோர் ஜன்னலில் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு இருட்டையே பார்த்து நிற்கிறானே, அவனைக் கொலைகாரன் என்றே நாமும் நம்புகிறோம். சிறையிலிருந்து தப்பிவந்து பொட்டல்வெளியில் பட்டினி கிடக்கும் மனைவியின் தம்பிக்கு அவன் காட்டும் விளக்கு அது என்று தெரிந்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. முதல் இரவில் வாட்சன் கேட்ட அழுகை அந்த அக்காவுடையது.

லண்டனில் ஹோம்ஸ் வீடிருக்கும் பேக்கர் தெருவுக்குப் போனதாக வாட்சன் நினைத்த கடிதங்கள், அதே பொட்டல்வெளியில் ஒரு கற்குடிசையில் ஒளிந்திருந்த ஹோம்ஸின் கைக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. ஏமாற்றிவிட்டாரே என்று வாட்சன் குமுறும்போது, ஹோம்ஸ் சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதக் கட்டை எடுத்துக் காட்டுகிறார். திரும்பத் திரும்பப் படித்துத் தாள் நைந்திருக்கிறது. அந்த நட்புக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? நடுப்பகுதியை நீக்கிவிட்டால் இந்த இடமே இல்லை, முருகேசா.

வில்லன் ஸ்டேபிள்டனின் மனைவி பெரில் விஷயத்தில் மட்டும் எனக்கு ஆசிரியர்மேல் வருத்தம். கணவனே தங்கை என்று சொல்லி வைத்திருந்தும், அடித்துக் கட்டிப் போட்டும், அவனை எதிர்த்து ஹென்றியை எச்சரிக்க முயன்ற ஒரே ஆள் அவள்தான். சதுப்புக்குள் வழிகாட்டியதும் அவளே. அப்புறம் என்ன ஆனாள் என்று ஒரு வரிகூட இல்லை. ஹென்றிக்கு மட்டும் மனம் தேற நெடும்பயணம் கிடைக்கிறது.

எட்டாவது அத்தியாயத்திலிருந்து பன்னிரண்டு வரை ஒரே மூச்சில் மறுபடி படித்துவிட்டு எழுது. தை பிறந்ததும் பேத்தியின் காதுகுத்துக்கு வருகிறாய் அல்லவா? உன் பிரதியையும் எடுத்து வா. பென்சிலில் நீ ஓரத்தில் எழுதி வைத்திருப்பதை நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சிதம்பரம்