ஆத்தாவையும் கேட்கச் சொல்

அன்புள்ள மெய்யப்பா,

கடிதம் கிடைத்தது, பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சேதியில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே காரைக்குடியில் வெயில் கொளுத்துகிறது.

சரி, நீ கேட்ட விஷயம். உன் ஆத்தாவைப் பார்த்துக்கொள்ள நீ ஏற்பாடு செய்த நிறுவனம் எப்படி என்று கானாடுகாத்தானுக்கே போய்ப் பார்த்தேன். வருகிற பெண் நல்ல பிள்ளை, மாத்திரை நேரம் தவறுவதில்லை, சர்க்கரை அளவும் பிரஷரும் சிங்கப்பூரில் உன் போனுக்கு வந்துவிடுகின்றன. ஆனால் மாதக் கடைசியில் திருப்தியா என்று உன்னைத்தான் கேட்கிறார்கள், ஆத்தாவை யாரும் கேட்கவில்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. நான் கேட்டேன். "அந்தப் புள்ள நல்லாத்தான் பாக்குது, ஆனா என்னைய அடுப்படிப் பக்கமே விடமாட்டேங்குதே" என்றார்கள். சேலையும் இப்போது அவள்தான் கட்டிவிடுகிறாளாம், நேரம் மிச்சமாம்.

சிட்னி கட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1963இல் ஓர் அளவுகோல் கொடுத்தார்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து எழுவது, மலஜலம் அடக்குவது, சாப்பிடுவது, இந்த ஆறில் எதையெல்லாம் தானே செய்ய முடிகிறது என்று பார்ப்பது. முதியவர்களைக் கவனிக்கிறவர்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு ஆத்தாவால் முடிகிற வேலையையும் பிடுங்கிக்கொண்டால் அது என்ன சேவை? நெதர்லாந்தில் 2006இல் ஆரம்பித்த, வீட்டுக்கே வந்து கவனிக்கிற பியூர்ட்சோர்க் என்ற நர்ஸ்கள் அமைப்பில் அதிகம் போனால் பன்னிரண்டு நர்ஸ்கள் ஒரு குழு, அந்தந்தப் பகுதிக்கு அவர்களே பொறுப்பு, இவரால் தானாக என்ன முடியும், அக்கம்பக்கத்தார் எதில் கைகொடுப்பார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள்.

அப்புறம் உங்கள் வீடு. முன்கூடமான பட்டாலையிலிருந்து பின்கட்டுக் கழிப்பறைக்குப் போக நடுமுற்றமான வளவையும் இரண்டாம் கட்டையும் தாண்ட வேண்டும், ஒவ்வொரு நிலைப்படியும் முழங்கால் உயரம், ராத்திரியில் வெளிச்சமும் போதாது. விழுந்தால் மணி அடிக்கிற கருவி மாட்டியிருக்கிறார்கள், விழாமலிருக்க ஒரு கைப்பிடி இல்லை! ஆசாரியிடம் சொல்லிவிட்டேன், வந்து அளவெடுப்பார்.

பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு அரசாங்கத்தின் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 முதல் இருக்கிறது, பிசியோதெரபிகூட வீட்டுக்கே வந்து செய்வார்கள், இலவசம்தான். அதற்கு நான் பதிந்துவிடட்டுமா? நிறுவனத்தை நிறுத்தச் சொல்லவில்லை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் கட்ஸ் சொன்ன அந்த ஆறையும் மாதாமாதம் எழுதி அனுப்பச் சொல், சேலையை ஆத்தாவே கட்டட்டும், அரை மணி ஆனாலும் பரவாயில்லை, பக்கத்தில் நின்றால் போதும் என்று அந்தப் பெண்ணிடம் நீயே போனில் சொல். நான் சொன்னால் கேட்கமாட்டாள், சம்பளம் தருகிறவன் நீ.

அன்புடன்,
சுப்பையா