நுண்ணோக்கி ஆர்வலர் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கடந்த ஓராண்டில் நம் சங்கம் செய்த வேலைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

நிர்வாக விஷயங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கு தணிக்கை ஆகிவிட்டது. பொருளாளர் அதைத் தனியாகச் சமர்ப்பிப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களில் மாணவர்களும் பணி ஓய்வு பெற்றவர்களுமே அதிகம்.

இன்னும் அதிகமாகப் பெரிதாக்கிக் காட்டும் கருவி ஒன்று வாங்கலாமா என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டீர்கள். செயற்குழு அதை விவாதித்து, இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தது. அதன் காரணம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஒளி நுண்ணோக்கிக்கு ஓர் எல்லை உண்டு என்பதை 1873-இல் ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே விளக்கிவிட்டார். எவ்வளவு நல்ல ஆயில் லென்ஸாக (ஸ்லைடுக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு துளி ஆயில் விட்டுப் பார்க்கும் லென்ஸ்) இருந்தாலும், சுமார் 0.2 மைக்ரோமீட்டருக்கும் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகத்தான் தெரியும். நம்மிடம் உள்ள 100 மடங்கு ஆயில் லென்ஸை 10 மடங்கு கண் லென்ஸோடு சேர்த்தால் 1000 மடங்கு கிடைக்கிறது. அதற்கு மேலே போனால் படம் பெரிதாகுமே தவிர, புதிய விவரம் எதுவும் வராது. ஈ.கோலை பாக்டீரியா ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் நீளம் இருக்கும். அதன் வடிவத்தைப் பார்க்க இருக்கிற கருவியே போதும்.

நமக்கு உண்மையில் தடையாக இருந்தது வேறு. நீர்த்துளியில் மிதக்கும் பாக்டீரியா ஒளியை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். கண்ணெதிரே இருந்தும் பின்னணியோடு கரைந்துவிடுகிறது. எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் இது மாறாது, சாயம்தான் மாற்றும். அதனால் இந்த ஆண்டின் பயிற்சிகளைப் பெரும்பாலும் சாயமேற்றலுக்கே ஒதுக்கினோம்.

கன்னச் செல்லில் தொடங்கினோம். கன்னத்தின் உட்புறத்தைச் சுத்தமான பஞ்சுக்குச்சியால் மெதுவாக வருடி, ஸ்லைடில் தேய்த்து, காயவிட்டு, மெத்திலீன் நீலத்தை ஒரு நிமிடம் வைத்துக் கழுவினால் போதும். மெத்திலீன் நீலம் நேர்மின்னேற்றம் கொண்ட சாயம், டி.என்.ஏ.யும் ஆர்.என்.ஏ.யும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஆகவே உட்கரு அடர்நீலமாகவும், சுற்றியுள்ள சைட்டோபிளாசம் வெளிர்நீலமாகவும் நிற்கும். இதைப் பார்த்ததும் பலர் ஸ்லைடை எடுத்து வைத்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். அந்தச் செல்லின் மேலேயே பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைத் தூசி என்று நினைத்து விட்டுவிடாமல் ஆயில் லென்ஸில் பாருங்கள்: வாயில் வாழும் பாக்டீரியாக்கள். செல் 50 மைக்ரோமீட்டருக்கு மேல் அகலம். அவையோ ஒரு மைக்ரோமீட்டர் அளவு. மனிதச் செல்லையும் பாக்டீரியாவையும் ஒரே பார்வையில் அளவோடு காட்டுவதற்கு இதைவிட நல்ல ஸ்லைடு எனக்குத் தெரியவில்லை. இனி வரும் புது உறுப்பினர்களுக்கும் இதுவே முதல் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் பரிந்துரை.

அடுத்து கிராம் சாயமேற்றல். ஆண்டின் பெரும்பகுதி இதற்குத்தான் போனது, போக வேண்டியதும்தான். டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பெர்லினில் வேலை செய்தபோது 1884-இல் இந்த முறையை வெளியிட்டார். நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் பாக்டீரியாவைத் தனித்துக் காட்ட வேண்டும் என்பதே அவர் நோக்கம். சில வகைகள் ஆல்கஹாலில் நிறத்தை இழந்தன. முறை இன்னும் குறையுடையது என்று அவரே எழுதினார். அந்த வேறுபாடுதான் பின்னால் பாக்டீரியாக்களை இரண்டு பெரும் பிரிவுகளாகப் பார்ப்பதற்கு வழிவிட்டது. இன்று நாம் போடும் சிவப்பு சாஃப்ரானின் பின்வந்தவர்கள் சேர்த்துக்கொண்டது.

முறை உங்களுக்குத் தெரியும்: ஸ்மியர், அதாவது ஸ்லைடில் மெல்லியதாகப் பூசிய படலம், காய்ந்ததும் சுடரின் மேல் சில தடவை காட்டிச் சூடேற்றல், கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயம் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், ஆல்கஹால் சில விநாடிகள், கடைசியில் சாஃப்ரானின். கிரிஸ்டல் வயலட்டும் அயோடினும் செல்லுக்குள் சேர்ந்து பெரிய கூட்டாகின்றன. ஊதாவை விடாத கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவின் சுவரில் பெப்டிடோகிளைக்கன் என்ற வலைப்பொருள் தடிமனாக இருக்கிறது. ஆல்கஹாலில் அது நீரிழந்து இறுகி, அந்தக் கூட்டை உள்ளேயே பிடித்துவைக்கிறது. ஊதாவை இழக்கும் கிராம் நெகட்டிவில் வெளிச்சவ்வின் கொழுப்பு கரைகிறது, மெல்லிய சுவரால் தாங்க முடியாமல் ஊதா வெளியேறுகிறது. அப்புறம் சாஃப்ரானின் ஏறி இளஞ்சிவப்பாகிறது.

ஆக, முடிவு முழுவதும் ஆல்கஹால் நிற்கும் அந்தச் சில விநாடிகளில்தான் இருக்கிறது. இதை வாயால் சொன்னால் பதியாது என்று, ஒரே கலவையிலிருந்து எடுத்த ஸ்மியர்களை மூன்று விதமாகச் செய்து பார்த்தோம். ஒன்றில் ஆல்கஹாலை உடனே கழுவினோம், எல்லாமே ஊதா. ஒன்றில் வேண்டுமென்றே நீட்டினோம், எல்லாமே சிவப்பு. வழிந்து வரும் ஊதா நின்றதும் கழுவிய ஸ்லைடில் மட்டும் இரண்டு நிறங்களும் தெளிவாகப் பிரிந்து நின்றன. தடித்த ஸ்மியராக இருந்தால் இந்தக் கணக்கும் உதவாது; அடியில் ஊதா தேங்கிவிடும். ஸ்மியருக்கு அடியில் வைத்த அச்செழுத்து படிக்கும்படி தெரிந்தால் அது சரியான தடிமன். இன்னொன்று: பேசில்லஸ் போன்ற பாசிட்டிவ் வகைகள்கூட, வளர்ப்பு பழசானால் சிவப்பாகத் தெரியக்கூடும். அதனால் என்ன நிறம் வரும் என்று முன்பே தெரிந்த இரண்டு வகைகளை ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் சாட்சியாக வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். அது இல்லாத ஸ்லைடைச் சங்கப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை.

காசநோய்க் கிருமியைக் காட்டும் ஸீல்-நீல்சன் சாயமேற்றல் முறையைச் செய்முறையாக வைக்கவில்லை. காசநோய்க் கிருமி உள்ள பொருளை உரிய பாதுகாப்பு வசதி இல்லாத இடத்தில் தொடவே கூடாது. முன்பே தயாரித்து மூடிய ஸ்லைடுகளைப் பார்த்ததோடு, மைக்காலிக் அமிலம் நிறைந்த அந்த மெழுகுச் சுவர் கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஏன் அமிலத்துக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்பதை ஓர் உரையில் கேட்டோம்.

நிக்ரோசின் கூட்டம் சின்னதாக நடந்தது, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நிக்ரோசின் என்ற கறுப்புச் சாயம் எதிர்மின்னேற்றம் கொண்டது. அதே மின்னேற்றமுள்ள பாக்டீரியாவின் மேற்பரப்பு அதை ஏற்காது. பின்னணி கறுத்து, செல்கள் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். சூடேற்றுவது இல்லாததால் செல் சுருங்காமல் தன் உண்மையான உருவத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டு இதற்கு இன்னும் நேரம் தர வேண்டும்.

ஒளியைப் பற்றியும் சில வார்த்தைகள். பார்வைப் பரப்பு முழுவதும் ஒளி சீராக விழும்படி ஆகுஸ்ட் கோலர் 1893-இல் சொன்ன ஒளியமைப்பை இப்போது எல்லா மேசைகளிலும் பின்பற்றுகிறோம். சாயமேற்றாத ஸ்லைடுக்கு, அடியிலிருந்து ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் திரையைச் சற்று மூடுங்கள், சாயமேற்றியதற்குத் திறந்துவிடுங்கள். ஆயிலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.515, கண்ணாடிக்கு நெருக்கமானது. அதனால்தான் காற்றிடைவெளியில் சிதறிப்போகும் ஒளிக்கதிர்களும் லென்ஸுக்குள் வந்துசேர்கின்றன. ஆனால் ஆயில் போட்ட ஸ்லைடின் மேல் 40 மடங்கு லென்ஸைத் திருப்ப வேண்டாம் என்று எல்லோரையும் அன்போடும் கண்டிப்போடும் கேட்டுக்கொள்கிறேன். அது உலர் லென்ஸ். ஆயில் உள்ளே இறங்கினால் சுத்தம் செய்வது பெரும்பாடு.

பாதுகாப்பு விதியிலும் மாற்றம் செய்திருக்கிறோம். எங்கிருந்தோ எடுத்த, இன்னதென்று தெரியாத பாக்டீரியாவைச் சங்க அறையில் வளர்க்கக் கூடாது. வளர்க்கும்போது எண்ணிக்கை கோடிக்கணக்கில் பெருகுவதே ஆபத்து. சூடேற்றிய ஸ்மியரில் சில பாக்டீரியாக்களின் வித்துகள் (வெப்பத்தைத் தாங்கும் உறங்குநிலை வடிவங்கள்) உயிரோடு இருக்கக்கூடும் என்பதால், பயன்படுத்திய ஸ்லைடுகள் கிருமிநாசினித் தொட்டிக்குத்தான் போக வேண்டும். கையுறை கட்டாயம்.

அடுத்த ஆண்டுக்கு ஒரே ஒரு கோரிக்கை. சாயமேற்றிய செல்கள் பெரும்பாலும் இறந்தவை. உயிரோடு நகர்வதையும் பிரிவதையும் சாயமின்றிப் பார்க்க ஃபேஸ் கான்ட்ராஸ்ட் வேண்டும். ஃபிரிட்ஸ் ஸெர்னிகேவுக்கு 1953-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றுத்தந்த முறை அது. நம் கருவியிலேயே பொருத்தக்கூடிய கண்டென்சரும் லென்ஸும் இருக்கின்றன. சேமிப்பு நிதியிலிருந்து வாங்கலாம் என்று செயற்குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது. இந்த அறிக்கையோடு அந்தத் தீர்மானத்தையும் ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்